‘குலிக்கோ’வா, ‘ஸைடி’யா, ‘அஃபதாலி’யா? ஸ்வாஹிலியில் ஒப்பிடத் தமிழ் வழியா, ஆங்கில வழியா?

தான்சானியாவுக்கோ கென்யாவுக்கோ வேலைக்குப் போகிற தமிழர்கள் பெரும்பாலும் ஸ்வாஹிலியை ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். நலம் விசாரிப்பது, எண்கள், கடைவீதிப் பேச்சு வரைக்கும் அந்த வழி சரியாகவே போகும். ஆனால் “இது அதைவிட நல்லது”, “நேற்றைக்கு இன்று தேவலை”, “சேவையை மேம்படுத்தியிருக்கிறோம்” என்றெல்லாம் சொல்ல வேண்டி வரும்போது வழி சட்டென்று குறுகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘பெட்டர்’, ‘இம்ப்ரூவ்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுவது ஸ்வாஹிலியில் பல சொற்களாகப் பிரிந்து கிடக்கிறது. எதை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும்.

இரு மொழி அறிவிப்புகளையும் துண்டறிக்கைகளையும் சரிபார்க்கிற வேலையில் இருப்பதால் எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து உண்டு. ஒப்பீட்டையும் முன்னேற்றத்தையும் சொல்லும் இடத்தில் தமிழர்கள் ஆங்கிலத்தைப் பாலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை தானே முடிந்துவிடும். ஏன் அப்படி, எங்கே அது பொருந்தாது, எந்த இடத்தில் எந்தச் சொல்லை எடுக்கலாம் என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம். ஸ்வாஹிலிச் சொற்களை, காதில் விழுவதற்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலில் அடிப்படை. ஆங்கிலம் பெயரடையையே மாற்றும். ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆகும், ‘பிக்கெஸ்ட்’ ஆகும். சொல் நீளமானால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ முன்னால் வந்து நிற்கும். ‘குட்’ போன்ற சில சொற்கள் வேரோடு மாறி ‘பெட்டர்’, ‘பெஸ்ட்’ ஆகிவிடும். ஸ்வாஹிலியில் இந்த மாற்றம் எதுவும் கிடையாது. ‘குப்வா’ என்றால் பெரிய. “இந்த வீடு பெரியது” என்றாலும் “இந்த வீடு அதைவிடப் பெரியது” என்றாலும் ‘குப்வா’ அப்படியே இருக்கும். ஒப்பீட்டைச் சுமப்பது பக்கத்தில் வரும் ‘குலிக்கோ’ என்ற சொல்தான்: ‘ன்யும்பா ஹீ நி குப்வா குலிக்கோ இலே’. தமிழிலும் இதே கதைதானே? ‘பெரிய’ என்பது மாறுவதில்லை. ‘விட’ என்பதுதான் வேலை செய்கிறது.

ஒரே ஒரு வேறுபாடு, வரிசை. தமிழில் அளவுகோலாக வைக்கும் பொருள் முதலில் வரும்: அதைவிடப் பெரியது. ஸ்வாஹிலியில் பின்னால் வரும்: பெரியது குலிக்கோ அது. இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டால் போதும்.

‘குலிக்கோ’வைப் பிரித்துப் பார்த்தால் ‘இருக்கும் இடத்தில்’ என்ற பொருள் உள்ளே தெரியும். இடத்தைக் குறிக்கும் முன்னொட்டு, ‘இரு’ என்ற வினையின் வேர், மறுபடியும் இடத்தைக் காட்டும் ஒட்டு, இவை மூன்றும் சேர்ந்ததுதான் அது. பழைய தமிழுக்கு இது அந்நியமில்லை. “காக்கையிற் கரிது களம்பழம்” என்று இலக்கண உரைகள் காட்டும் எடுத்துக்காட்டில், ‘விட’ இல்லாமல் வெறும் ‘இல்’ உருபே ஒப்பீட்டைச் சொல்லிவிடுகிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் ஒப்பும் ஒன்று. ஸ்வாஹிலிக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. அது ஆப்பிரிக்காவின் பாண்டு குடும்பத்து மொழி, அரபுச் சொற்களை நிறைய ஏற்றுக்கொண்ட கடற்கரை மொழி. ஆனாலும் ஒப்பிடும் வேலைக்கு இரண்டு மொழிகளும் இட உணர்வைக் கைக்கொண்டிருக்கின்றன.

‘எல்லாவற்றிலும் பெரியது’ என்பதிலும் தமிழ் வழி கைகொடுக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘பிக்கெஸ்ட்’ என்று தனி வடிவம் உண்டு. ஸ்வாஹிலி ‘எல்லாவற்றையும் விட’ என்றுதான் சொல்லும். ‘கிலிமஞ்சாரோ மலை நி ம்ரெஃபு குலிக்கோ மிலிமா யோட்டே யா அஃப்ரிக்கா’ என்று நான் பாதி தமிழில் எழுதினாலும் அமைப்பு விளங்கும்: ஆப்பிரிக்க மலைகள் எல்லாவற்றையும் விட உயரமானது. கிலிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர், அடுத்த இடத்தில் இருக்கும் கென்யா மலையின் உயரம் 5,199 மீட்டர். இதில் ‘எல்லாம்’ என்ற சொல் எதைக் குறிக்கிறதோ அதற்கேற்ப வடிவம் மாறும். ஆட்கள் என்றால் ‘குலிக்கோ வோட்டே’, வீடுகள் என்றால் ‘குலிக்கோ ஸோட்டே’, புத்தகங்கள் என்றால் ‘குலிக்கோ வ்யோட்டே’. ஆங்கிலம் வழியாக வருபவர்களுக்கு இது மனப்பாடச் சுமை. நமக்கோ ‘எல்லாரையும் விட’, ‘எல்லாவற்றையும் விட’ என்று திணை பிரித்துப் பேசுவது பிறந்தது முதல் இருக்கும் பழக்கம். ஸ்வாஹிலியில் இரண்டுக்குப் பதிலாகப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்ச்சொல் வகைகள் இருக்கின்றன என்பதுதான் கூடுதல் பாடு.

‘குலிக்கோ’ இன்னொரு வேலையும் செய்யும். ‘நாபெண்டா சாய் குலிக்கோ கஹாவா’ என்றால் காப்பியைவிடத் தேநீர் பிடிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ப்ரிஃபர்’ என்று தனி வினை தேடுவார்கள், இல்லாவிட்டால் ‘மோர்’ சேர்ப்பார்கள். ஸ்வாஹிலியில் இரண்டும் தேவையில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் ஆங்கிலத்தில் ‘மோர்’ விடுபட்டு, ‘விட’ என்று பொருள்படும் ‘தேன்’ (than) மட்டும் நிற்பதை மொழியியலாளர்கள் குறித்திருக்கிறார்கள். தாய்மொழியில் ‘மோர்’ தேவைப்படாத இடத்தில் ஆங்கிலத்திலும் அது தேவையில்லை என்று நாக்கு நினைத்துக்கொள்கிறது. தான்சானிய அரசுப் பள்ளிகளில் தொடக்கக் கல்வி ஸ்வாஹிலியிலும் இடைநிலைக் கல்வி ஆங்கிலத்திலும் நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது நன்றாகவே புரியும். அதைப் பிழை என்று சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, அடுத்தது ‘ஸைடி’. அரபியிலிருந்து வந்த சொல், ‘கூடுதல்’ என்று பொருள். ஆங்கில வழியில் வருபவர்கள் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அகராதியில் ‘மோர்’ என்று பார்த்தால் கிடைப்பது இதுதான். அதனால் எல்லா இடத்திலும் ‘ஸைடி’யைத் திணித்துவிடுகிறார்கள். அதற்கு உரிய இடம் வேறு. எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் “இன்னும் பெரியது” என்றால் ‘குப்வா ஸைடி’. எண்ணிக்கை சொல்லும்போது ‘ஸைடி யா’: ‘ஸைடி யா வாட்டு மியா மோஜா’ என்றால் நூறு பேருக்கு மேல். இந்த எண்ணிக்கை இடத்தில் ‘குலிக்கோ’ பொருந்தாது. தமிழும் இங்கே பிரித்தே பேசுகிறது. “நூறு பேரைவிட வந்தார்கள்” என்று நாம் சொல்வதில்லை, “நூறு பேருக்கு மேல் வந்தார்கள்” என்கிறோம். ஆகவே ‘விட’ வரும் இடத்தில் ‘குலிக்கோ’, ‘மேல்’ வரும் இடத்தில் ‘ஸைடி யா’, ‘இன்னும்’ வரும் இடத்தில் ‘ஸைடி’. இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாவிட்டாலும், பெரும்பாலான நேரம் காப்பாற்றும். ‘ஸைடி யா ஹாயோ’ என்றால் ‘அது தவிர’ என்ற பொருள் வரும் என்பதை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒரு குடும்பம் இருக்கிறது: ‘குஷிண்டா’, ‘குப்பிட்டா’, ‘குஸிடி’. மூன்றும் வினைகள். முதலாவது வெல்வது, இரண்டாவது கடந்து போவது, மூன்றாவது மிஞ்சுவது. “அவன் என்னை வென்று உயரம்”, “என்னைக் கடந்து உயரம்” என்ற பாங்கில் இவற்றை வைத்தே ஒப்பிடலாம். ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் ‘மிஞ்சு’ என்ற பொருளுள்ள வினையே ஒப்பீட்டுக்கு வழக்கமான கருவி. அந்த வகையில் பார்த்தால் ஸ்வாஹிலியின் பாண்டு முகம் இந்த மூன்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இவற்றில் எதை எடுப்பது என்பது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நைரோபி வீதிப் பேச்சில் ‘குஷிண்டா’ சர்வ சாதாரணம். கிழக்குக் காங்கோவில் ‘குப்பிட்டா’ கேட்கும். அச்சிலும் வானொலியிலும் ‘குலிக்கோ’தான் நிற்கிறது. 1930-இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குப் பொதுவாக அமைந்த மொழிக் குழு, சான்சிபாரின் உங்குஜா வழக்கை அடிப்படையாகக் கொண்டு எழுத்து ஸ்வாஹிலியை ஒழுங்குபடுத்தியது. கென்யாவின் மொம்பாசா வழக்குக்கும் அப்போது ஆதரவாளர்கள் இருந்தார்கள். பள்ளிப் புத்தகங்கள் அந்த முடிவின் வழியாகவே வந்தன. ஆகவே எழுதுவதற்கு ‘குலிக்கோ’, பேசும்போது ஊர் வழக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நைரோபிக்குப் போனவர் ‘குஷிண்டா’வைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், தானே அதைக் கையாள அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் அதற்கு ஆளைக் குறிக்கும் ஒட்டை நடுவில் சேர்க்க வேண்டும். என்னை வெல்வது ‘குனிஷிண்டா’, அவனை வெல்வது ‘கும்ஷிண்டா’.

‘குஸிடி’யை மட்டும் எல்லாரும் கற்றே ஆக வேண்டும். ‘ஹாலி இனாஸிடி குவா ம்பாயா’ என்ற வாக்கியம் செய்திகளில் அடிக்கடி வரும். நிலைமை மேலும் மேலும் மோசமாகிறது என்று பொருள். ‘ம்பாயா’வை எடுத்துவிட்டு ‘ன்ஸுரி’ போட்டால் மேலும் மேலும் நன்றாகிறது. ஆங்கிலம் இதற்குப் பெயரடையை இரண்டு முறை சொல்லும். ஸ்வாஹிலி ஒரு வினையில் முடித்துவிடுகிறது. “படிக்கப் படிக்கப் புரியும்” என்று நாம் சொல்வதற்கு நிகராகவும் ஓர் அழகான அமைப்பு உண்டு: ‘கடிரி உனாவ்யோசோமா, ண்டிவ்யோ உனாவ்யோஎலேவா’. எவ்வளவு படிக்கிறாயோ அவ்வளவு புரிகிறது. ‘எவ்வளவு... அவ்வளவு’ என்ற நம் சோடி அப்படியே வந்து உட்காருகிறது.

இனி ‘பெட்டர்’. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கிலம் இந்த ஒரு சொல்லுக்குள் பல பொருள்களைத் திணித்து வைத்திருக்கிறது. தரமானது, இரண்டில் ஏற்கத்தக்கது, உடம்பு குணமாகி வருவது, இப்படிச் செய்வது உத்தமம் என்ற ஆலோசனை, எல்லாம் ‘பெட்டர்’. ஸ்வாஹிலியில் ‘போரா’, ‘அஃபதாலி’, ‘ஹெரி’, ‘நஃபூ’ என்று நான்கு.

‘போரா’ தரத்தைப் பற்றியது. ‘கிங்கா நி போரா குலிக்கோ டீபா’ என்பது சுகாதாரப் பிரசாரங்களில் எங்கும் பார்க்கலாம்: சிகிச்சையைவிடத் தடுப்பு மேலானது. ‘குலிக்கோ’ இல்லாமல் தனியாக வந்தால் ‘போரா’ ஒப்பீட்டை விட்டுவிட்டு ‘சிறந்த’ என்ற பொருளுக்குப் போய்விடும். 2005-ஆம் ஆண்டு தான்சானிய அதிபர் தேர்தலில் வேட்பாளர் ஜகயா கிக்வெட்டேயின் முழக்கம் ‘மாயிஷா போரா க்வா கிலா ம்டான்ஸானியா’. ஒவ்வொரு தான்சானியருக்கும் நல்வாழ்வு. இதை ஆங்கிலத்தில் ‘பெட்டர் லைஃப்’ என்று பெயர்த்தால் எதைவிட என்ற கேள்வி எழும். மூலத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

‘போரா’ எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் முக்கியம். ‘எலிமு போரா’ என்றால் தரமான கல்வி. ‘போரா எலிமு’ என்று திருப்பிப் போட்டால் ஏதோ ஒரு கல்வி கிடைத்தால் சரி என்ற பொருள் வந்துவிடும். தான்சானியாவில் கல்வி பற்றிய விவாதங்களில் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். 2016 முதல் கீழ் இடைநிலை வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை, வகுப்பறைகள் நிரம்பின, அப்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. பிள்ளைகளுக்குக் கொடுப்பது ‘எலிமு போரா’வா, ‘போரா எலிமு’வா? ஆங்கிலத்தில் இதே வாதத்தை வைக்க ஒரு பத்தி தேவைப்படும். அறிவிப்பு எழுதுபவர் பெயரடையை முன்னால் வைக்கும் ஆங்கிலப் பழக்கத்தில் ‘போரா’வைத் தூக்கி முன்னே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழிலும் பெயரடை முன்னால்தான் வரும் என்பதால் இந்த ஓர் இடத்தில் தமிழ் வழியும் காலை வாரிவிடும். கவனமாக இருக்க வேண்டும்.

‘அஃபதாலி’க்கு நல்ல தமிழ்ச் சொல் ‘தேவலை’. இதைச் சொல்லிக்கொடுத்தால் தமிழர் முகத்தில் உடனே ஒரு தெளிவு வரும். “அதற்கு இது தேவலை” என்னும் இடத்திலும் ‘அஃபதாலி’, “காய்ச்சல் இன்று தேவலை” என்னும் இடத்திலும் ‘அஃபதாலி’. முழுதாக நல்லது என்று அது சொல்லாது. இருப்பதற்குள் ஏற்கலாம் என்றே சொல்லும். ஆலோசனையாகவும் வரும்: ‘அஃபதாலி உவெண்டே லேயோ’ என்றால் இன்றைக்கே போவது தேவலை. வேர் அரபியில் இருக்கிறது. அங்கே அது ஏற்கனவே ஒப்பீட்டு வடிவம், அதாவது ‘மேலானது’ என்ற வடிவமே இங்கே முழுச் சொல்லாக வந்து குடியேறியிருக்கிறது.

‘ஹெரி’ கொஞ்சம் மூத்த சொல், பழமொழிக்காரச் சொல். ‘ஹெரி நுசு ஷாரி குலிக்கோ ஷாரி கமிலி’ என்பார்கள்: முழுக் கேட்டுக்குப் பாதிக் கேடு மேல். விடைபெறும்போது சொல்லும் ‘க்வாஹெரி’யிலும் இதே ‘ஹெரி’ நலம் என்ற பொருளில் இருக்கிறது. பேச்சில் மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும். ‘போரா உவெண்டே’ என்றும் சொல்வார்கள். ஆனால் புதிதாகக் கற்பவர் தரத்துக்குப் ‘போரா’, தேர்வுக்கு ‘அஃபதாலி’ என்று பிரித்து வைத்துக்கொண்டால் யாருக்கும் தவறாகப் படாது. ‘ஹெரி’யைக் கேட்டுப் பழகினால் போதும்.

‘நஃபூ’ நோய்க்கும் விலைக்கும் பொது. ‘அமேபாட்டா நஃபூ’ என்றால் நோயாளிக்குக் கொஞ்சம் குணம் தெரிகிறது. ‘அமேபோனா’ என்றால் முழுதாகக் குணமாகிவிட்டார். மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் பெட்டர்’ என்று கேட்டு அதை ‘அமேபோனா’ என்று பெயர்த்துவிட்டால், பாதியில் இருக்கும் மருந்தை வீட்டார் நிறுத்திவிட வாய்ப்புண்டு. மொழிபெயர்ப்பில் இதைவிடக் கவலைக்குரிய இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தேகம் இருந்தால் ‘அனாஎண்டெலேயா விஸூரி’ என்று சொல்லலாம். தேறி வருகிறார் என்ற அளவில் அது நிற்கும். விலையில் ‘பேய் நஃபூ’ என்றால் கட்டுப்படியாகும் விலை. தார் எஸ் சலாமின் கரியாக்கூ போன்ற சந்தைகளில் இதைத்தான் எழுதி வைப்பார்கள்.

குறைவைச் சொல்வதில் மட்டும் ஆங்கிலம் முன்னால் நிற்கிறது. ‘லெஸ்’ என்ற சொல்லுக்கு நேரான வசதி ஸ்வாஹிலியில் இல்லை, தமிழிலும் இல்லை. ‘லெஸ் எக்ஸ்பென்சிவ்’ என்பதை ‘சி காலி காமா இலே’, அதாவது ‘அந்த அளவுக்கு விலை கூடியதல்ல’ என்று மறுத்துத்தான் சொல்ல வேண்டும். வயதுக்குச் ‘சீனி யா’: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், ‘வாட்டோட்டோ சீனி யா மியாக்கா மிட்டானோ’. சட்ட நடையில் ‘உம்ரி உசியோபுங்குவா மியாக்கா 18’ என்று வரும், ‘18-க்குக் குறையாத வயது’. இந்தக் ‘குறையாத’ நம் அரசாணைத் தமிழிலும் உள்ளது. தான்சானியாவில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பின் சட்டங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரிய மொழி ஸ்வாஹிலி என்று ஆகிவிட்டதால் இந்த நடையைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

அப்புறம் ‘இம்ப்ரூவ்’. இங்கேதான் தேர்வு உண்மையில் கனமானது.

ஆங்கிலத்தில் ‘தி சர்வீஸ் இம்ப்ரூவ்ட்’ என்றால் சேவை தானாக மேம்பட்டது. ‘வி இம்ப்ரூவ்ட் தி சர்வீஸ்’ என்றால் நாம் மேம்படுத்தினோம். வினை ஒன்றே. ஸ்வாஹிலியில் ‘போரா’விலிருந்து இரண்டு வினைகள் கிளைக்கின்றன. ‘போரேக்கா’ என்றால் மேம்படு, ‘போரேஷா’ என்றால் மேம்படுத்து. ‘இமாரிக்கா’ வலுப்படு, ‘இமாரிஷா’ வலுப்படுத்து. தமிழின் ‘படு’, ‘படுத்து’ இணையும் ஸ்வாஹிலியின் ‘க்கா’, ‘ஷா’ இணையும் ஒரே வேலையைச் செய்கின்றன. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இதில் கற்க வேண்டியது எதுவும் புதிதாக இல்லை. ஆங்கிலப் பாடநூல் இதை விளக்கப் பல பக்கங்கள் எடுத்துக்கொள்ளும்.

இது இலக்கண விஷயம் மட்டும் இல்லை. ஓர் அலுவலக அறிக்கையில் ‘ஹுடுமா ஸிமேபோரேஷ்வா’ என்று எழுதினால் சேவைகள் மேம்படுத்தப்பட்டன, அதாவது அலுவலகம் வேலை செய்திருக்கிறது. ‘ஹுடுமா ஸிமேபோரேக்கா’ என்றால் சேவைகள் மேம்பட்டிருக்கின்றன, அதாவது பயன் கண்ணுக்குத் தெரிகிறது. முதலாவதைச் சொல்ல அலுவலகத்துக்கு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல வரிசையில் நிற்பவருக்குத்தான் உரிமை என்பது என் எண்ணம். ஆங்கில வரைவில் ‘இம்ப்ரூவ்ட்’ என்று மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று மொழிபெயர்ப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர் எழுதியவருக்குச் சாதகமானதையே எடுத்துவிடுகிறார்.

‘போரேஷா’ எங்கும் பொருந்தும் சொல்லும் அல்ல. என்ன வகை மேம்பாடு என்று ஸ்வாஹிலி கேட்கும். கட்டடத்தைப் புதுப்பித்தால் ‘கராபாட்டி’. பிழையைத் திருத்தினாலோ அரசியலமைப்பைத் திருத்தினாலோ ‘ரெக்கெபிஷா’. விடைத்தாள் திருத்துவது ‘சஹிஹிஷா’. பழுதான பம்பைச் சரிசெய்வது ‘டெங்கெனேஸா’. நாணய மதிப்பு உயர்ந்தால் ‘இமாரிக்கா’. ஒரு சுகாதார நிலையத்தை மருத்துவமனையாகத் தரம் உயர்த்தினால் ‘பண்டிஷா ஹாதி’, அந்தஸ்தை ஏற்றுவது. விதைக்கு வந்தால் ‘ம்பேகு போரா’ என்றே விவசாயி சொல்வார். ஆங்கிலத்தின் ‘இம்ப்ரூவ்ட் சீட்’ அங்கே ‘நல்ல விதை’ ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ‘போரேஷா’ போட்டு எழுதப்பட்ட அறிக்கையைப் படித்தாலே அது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘மேம்படுத்து’ போட்ட அறிக்கையைப் படிக்கும்போது நமக்கு என்ன தோன்றுமோ அதுவேதான் அவர்களுக்கும்.

நாடுகளைப் பற்றிப் பேச ‘எண்டெலேயா’. ‘செல்’ என்ற வினையிலிருந்து வந்தது, தொடர்ந்து போவது, முன்னேறுவது. அதிலிருந்துதான் வளர்ச்சிக்கு ‘மாஎண்டெலேயோ’.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரலாம். ஊர் சுற்றிப் பார்க்க, சில மாத வேலைக்குப் போகிறவர் ‘குலிக்கோ’, ‘ஸைடி யா’, ‘அஃபதாலி’ மூன்றை மட்டும் தமிழ் வழியாகப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆங்கிலப் புத்தகத்தின் ஒப்பீட்டுப் பாடத்தை அவர் தாண்டிப் போனாலும் நட்டமில்லை. மருத்துவம், செவிலியர் பணி என்று போகிறவர் முதல் வாரத்திலேயே ‘நஃபூ’, ‘போனா’ வேறுபாட்டைக் காதுக்குப் பழக்க வேண்டும்; மற்றது மெதுவாக வரட்டும்.

எழுத்து வேலைக்குப் போகிறவருக்குத்தான் உண்மையான தேர்வு. இரு மொழி அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதி ஸ்வாஹிலிக்குக் கொண்டுபோவதா, ஸ்வாஹிலியில் எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதா? முதல் வழி வேகமானது. மேலதிகாரிகளும் நிதி தருபவர்களும் ஆங்கிலத்தில் படிப்பதால் ஒப்புதலும் சீக்கிரம் கிடைக்கும். ஆனாலும் நான் இரண்டாவதையே சொல்வேன். ஸ்வாஹிலி வரைவு “யார் மேம்படுத்தியது, மேம்பட்டதா இல்லையா, எதைவிட, எந்த வகையில்” என்ற கேள்விகளுக்கு முதலிலேயே பதில் வாங்கிவிடும். அதை ஆங்கிலத்தில் சுருக்குவது எளிது. ஆங்கிலத்தில் சுருங்கிப்போனதை ஸ்வாஹிலியில் விரிப்பதற்கு எழுதியவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

கென்யாவில் இது கொஞ்சம் மாறும். 2010 அரசியலமைப்பின்படி அங்கே ஸ்வாஹிலி தேசிய மொழி. ஸ்வாஹிலியும் ஆங்கிலமும் ஆட்சி மொழிகள். நைரோபி அலுவலகங்களில் ஆங்கிலமே முதல் வரைவு மொழியாக இருப்பது வழக்கம். அங்கே அந்த வழக்கத்தை மாற்ற முடியாவிட்டால், ஆங்கில வரைவில் ‘பெட்டர்’, ‘மோர்’, ‘இம்ப்ரூவ்’ வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் எதைவிட, எவ்வளவு, யாரால் என்று குறித்து, அந்தத் தாளோடு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.